லிங்கதுரை வண்டித்தடம்

எங்க தேரியில ஆனி ஆடிக் காத்து அடிச்சா மணலு எந்திரிச்சுப் போயி இன்னொரு எடத்துல உக்காந்துக்கிடும், நேத்து மேடா இருந்தது இன்னைக்குப் பள்ளமாக் கெடக்கும், முத்தத்துல காயப்போட்ட பாய் விடியங்காட்டி ஒரு முழம் மணலுக்கு அடியில போயிரும், மிளகாப்பொடியக் கொட்டி வச்ச மாதிரி அம்புட்டுச் செவப்பா, கண்ணுக்கெட்டுன தூரத்துக்கு அது பாட்டுக்கு ஊர்ந்துக்கிட்டே இருக்கும், அதுக்கு நட்டநடுவுல ஒத்தப்பனைக் குடியிருப்புன்னு இருபத்தோரு வீடு நாங்க இருக்கோம். பாதைங்கிற ஒண்ண நாங்க நம்புனதே கிடையாது. காலையில நடந்த காலடி மத்தியானம் இருக்காது, அதுக்காக யாரும் அழுததும் இல்ல.

நான் சுயம்புக்கனி. பதினேழு ஆடு, ஒரு முட்டுவலி, கொஞ்சம் நீளமான வாயி, இம்புட்டுத்தான் என் சொத்து. வெள்ளிக்கிழமை தோறும் சாஸ்தா கோயில்ல வெளக்குப் போடுதது நான்தான், கோயில் சாவியும் எங்கிட்டதான் இருக்கு. இத எதுக்குச் சொல்லுதேன்னா, பின்னால நடந்த அம்புட்டுலயும் எனக்குப் பங்கு உண்டு. நல்லதுலயும் உண்டு, கேவலத்துலயும் உண்டு.

லிங்கதுரை எங்க ஊரு மோட்டார்க்காரன். கெணத்தடியில இருக்க டீசல் மோட்டாரு அவன் கைக்குத்தான் அடங்கும், வேற எவன் சுத்துனாலும் ரெண்டு இருமு இருமிட்டு நின்னுரும். அவன் ஒருநாள் ஊர்ல இல்லன்னா இருபத்தோரு வீட்டுக்கும் தண்ணி கிடையாது. அவன் பெஞ்சாதி தங்கபுஷ்பத்துக்குத் தருவைவிளை, எங்களுக்குக் கெழக்க நாலு மைலு. பேறுகாலத்துக்கு ஒம்பதாம் மாசம் ஆத்தா வீட்டுக்குப் போக வேண்டியவ, எட்டாம் மாசத்துலயே வலி கண்டுட்டா. மணலுக்குள்ள ஜீப்பு வராது. நாலு பேரு கட்டில்ல வச்சுத் தருவைவிளைக்குத் தூக்கிட்டுப் போனாவ, நானும் கூடப் போனேன். நடுவுல ஆடிக்காத்து எந்திரிச்சுட்டு, கண்ணத் தொறக்க வழியில்ல, பட்டுப்போன ஒரே ஒடைமரத்த மூணு தடவை சுத்தியிருக்கோம், மூணாவது தடவை அந்த முள்ளுல என் சேலைக் கிழிசலு தொங்குததப் பாத்துதான் எங்களுக்கே தெரிஞ்சுது. அந்த மரத்தடியிலயே, அந்தக் கட்டில்லயே புள்ள பொறந்துச்சு. பொம்பளப் புள்ள. வாய்க்குள்ள மணலோடதான் மொத அழுகை அழுதுச்சு. ரெண்டு உசிரும் பொழச்சது சாஸ்தா புண்ணியம்.

பொறந்து அஞ்சாம் மாசம் புள்ளையையும் தாயையும் ஆத்தா வீட்டுல இருந்து கூட்டிட்டு வாரது முறை. லிங்கதுரை பழம் சீனியெல்லாம் வாங்கிட்டுப் போனான். அவ வரமாட்டேன்னுட்டா.

“உங்க மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. இந்த மணலு மேலதான் கோவம்” அப்படின்னாளாம். “நீங்க வந்த தடம் மறுநாள் காலையில இந்த வாசல்ல அழியாம இருக்கட்டும். அன்னைக்கு அந்தத் தடத்துலயே நடந்து வாரேன்.”

வரமாட்டேங்கிறத மரியாதையாச் சொல்லுதா, வேற என்ன? அவன் திரும்பி வந்து மோட்டாரச் சுத்தி விட்டான். ‘ஏல, நீயும் அங்கனயே போயி இருந்துக்கிடேம்ல’ன்னு சொல்லுததுக்கு எங்கள்ல ஒருத்தருக்கும் வாய் வரல. எங்களுக்குத் தண்ணி வேணும்லா.

தை மாசம் ஒரு மேடு நகந்து, அதுக்கு அடியில இருந்து ஒரு வண்டி தலைய நீட்டுச்சு. பத்து வருசத்துக்கு முன்னால பந்தயம் விடுதோம்னு டவுன்ல இருந்து பயலுவ வந்து தேரியில தாவித் தாவிப் பைக்கு ஓட்டுனானுவ, அதுல ஒண்ணு நின்னுபோச்சு, நாளைக்கு லாரி கொண்டாந்து எடுத்துக்கிடுதோம்னு போனவனுவ மறுநாள் வந்து பாத்தா வண்டியும் இல்ல, வண்டி நின்ன மேடும் இல்ல. அந்த வண்டிதான் இது. டூ-ஸ்ட்ரோக் வண்டி, பெட்ரோலோட எண்ணெயையும் கலந்து குடிச்சாத்தான் ஓடும். லைட்டு கிடையாது, ஆரன் கிடையாது, பல்லுப் பல்லா டயரு ரெண்டும் வெடிச்சுப் போயி, சீட்டுக்குள்ள ஓணான் குடும்பம் நடத்திக்கிட்டு இருந்துச்சு. லிங்கதுரை அத இழுத்துட்டு வந்து மோட்டார் ரூமு நெழல்ல நிறுத்துனான்.

“இத வச்சு என்னல செய்யப் போற? தொட்டில் கட்டவா?” அப்படின்னேன். என் வாயி அப்படி.

“இது மணல்ல ஓடுததுக்குன்னே செஞ்ச வண்டி சித்தி” அப்படின்னான்.

பிஸ்டன் சிலிண்டரோட பிடிச்சுக் கெடந்துச்சு. பிளக்கக் கழத்தி அந்த ஓட்டை வழியா மண்ணெண்ணெயும் டீசலும் ஊத்தி எட்டு நாளு தொடாம வச்சான். ஒம்பதாம் நாளு மரக்கட்டைய வச்சுப் பையத் தட்டுனதுல பிஸ்டன் ஒரு நூல் எறங்குச்சு, அன்னைக்கு அவன் மொகத்துல வந்த சிரிப்ப நீங்க பாக்கணுமே! கார்ப்பரேட்டர்ல இருந்து மூணு கை மணல எடுத்தான். சைலன்சருக்குள்ள அடைச்சிருந்த கரி போகணும்னு வெறகப் போட்டு அதத் தீயில காட்டி எரிச்சான், ஊரே இருமுச்சு. தேஞ்சுபோன சிலிண்டர உள்ள கடைஞ்சு போர் போடணும்னு திருநெல்வேலி லேத்துக்குப் போனான், கைப்புள்ளைய வச்ச மாதிரி அத மடியில வச்சுக்கிட்டே பஸ்ஸுல உக்காந்து போயிருக்கான். பழைய இரும்புக்கடையில வேற ஒரு வண்டியோட கிளட்ச் தட்டு கெடைச்சுது, அத அரத்த வச்சு ராவி ராவி இதுக்குச் சேத்தான், வெடிச்ச டயரு ரெண்டுக்கும் உள்ள துண்டு வச்சுத் தச்சான். காலையில மோட்டாரு, அது முடிஞ்சா வண்டி, ஞாயித்துக்கிழமையானா தருவைவிளைக்கு நடந்து போயிப் புள்ளையப் பாத்துட்டு வாரது, மாசி போயி பங்குனி போயி சித்திரை போயி வைகாசி வர இதேதான்.

வண்டி ஓட்டத்துக்கு ரெடியான அன்னைக்குப் பாத்தா, லிங்கதுரைப் பயல் பெட்ரோல் வாங்கிட்டு வந்தவன் எண்ணெய மறந்துட்டான். எண்ணெய் இல்லாம ஓட்டுனா பிஸ்டன் மறுபடியும் பிடிச்சுக்கிடுமாம். எங்கிட்ட வந்து நின்னான்.

“சித்தி, எண்ணெய் ஏதும் இருக்கா? நல்லா வழுவழுன்னு கெட்டியா?”

பங்குனி உத்திரத்துக்கு எங்கெங்க இருந்தோ குடும்பம் குடும்பமா சாஸ்தாவத் தேடி வருவாவ, ஆளுக்கு ஒரு கரண்டி விளக்கெண்ணெய வெளக்குல ஊத்திட்டுப் போவாவ, எரிஞ்சது போக மிச்சத்த நான் வடிச்சுக் குப்பியில வைப்பேன். அந்த வருசம் ஒரு குப்பி மிஞ்சியிருந்துச்சு. அத எடுத்து நீட்டுனேன்.

“சாமி எண்ணெயா?” தயங்குனான்.

“அவரும் குதிரையில போறவருதான? வண்டிக்குக் குடுத்தாக் கோவிச்சுக்கிடவா போறாரு? பிடி.”

ரெண்டு கரண்டி கலந்தான். எட்டு மிதி மிதிச்சதும் வண்டி நீலப்பொகைய விட்டுக்கிட்டு எந்திரிச்சுது. இஞ்சினச் செய்யத் தெரிஞ்சவனுக்கு ஓட்டத் தெரியல, அதான் வேடிக்க! இந்தப் பக்கம் வளையுதான், அந்தப் பக்கம் வளையுதான், “ஏய் வெலகுங்க, வெலகுங்க”ன்னு கத்துதான், யாருமே பக்கத்துல இல்ல, ஒரு நூறு அடி அப்படிப் போயி என் ஆட்டுத்தொழுவத்துக்கு முன்னால வண்டி ஒரு பக்கம், இவன் ஒரு பக்கம் தொப்புன்னு விழுந்தான். அவன் குண்டி பதிஞ்ச பள்ளத்துல ஒரு கோழி அடைகாக்கலாம். நாங்க சிரிச்சுச் சிரிச்சு வயித்தப் பிடிச்சுக்கிட்டோம்.

மறுநாள் காலையில ஆட்டத் தொறந்துவிடப் போனேன். ராத்திரி பூரா காத்து. ஒரலு தெரியல, அம்மி தெரியல, வண்டித்தடம் மட்டும் போட்டது போட்டபடி, பல்லுப் பல்லா, வளைவு வளைவா, பள்ளத்தோட கெடந்துச்சு. நான் வெளக்குமாத்த எடுத்து முத்தத்தத் தூத்தேன், தடத்தையும் தூத்தேன், ஆட்டப் பத்திட்டுப் போயிட்டேன். மத்தியானம்தான் தர்மலிங்க அண்ணாச்சி வந்து பாத்தாரு. எங்க ஊர்ல ஒரு வழக்கு வம்புன்னா அவரு சொல்லுததுதான்.

“இது நேத்துப் போட்டதா?”

“ஆமா.”

“அப்ப நம்ம முந்திரித் தோப்புக்கு ஒண்ணு போடச் சொல்லு.”

அம்புட்டுத்தான். ஏன் அழியல, எதனால அழியலன்னு எவனும் கேக்கல, அடுத்தது யாருக்குங்கிறதுதான் கேள்வி. லிங்கதுரை அன்னைக்கே சொன்னான், “மொதல்ல புஷ்பம் வீட்டுக்குப் போட்டுட்டு வந்துருதேன் அண்ணாச்சி.” ஆனா புதுசாப் போர் போட்ட இஞ்சின எடுத்த எடுப்புல நாலு மைலு மணல்ல வெரட்டக் கூடாதாம், கொஞ்ச நாளு கிட்டக் கிட்ட ஓட்டிப் பழக்கணுமாம். இத அவன் வாயாலயே சொல்லிட்டான், நாங்க பிடிச்சுக்கிட்டோம். “எப்படியும் ஓட்டிப் பழக்கணும்லா, அப்ப எனக்கு ஒண்ணு போடேன்.” முந்திரித் தோப்புக்குப் போட்டான், கோயிலுக்குப் போட்டான், சுடுகாட்டுக்குப் போட்டான், பொண்ணு பாக்க வாரவனுவ வழி மாறிப் போயிருதானுவன்னு ஒருத்தர் தன் வீட்டச் சுத்தி மூணு வட்டம் போடச் சொன்னாரு, தம்பி மொகத்துல முழிக்காமக் கெணத்துக்குப் போகணும்னு இன்னொருத்தர் ஊரச் சுத்தி ஒரு தடம் வாங்குனாரு. அவன் யாரையும் இல்லன்னு சொல்லத் தெரியாதவன். எனக்கு மட்டும் ரெண்டு, தொழுவத்துல இருந்து கெணத்துக்கு ஒண்ணு, கோயிலுக்கு ஒண்ணு. ஆமா, எனக்குத்தான் கூடுதல்.

அந்தத் தடத்துல நடந்து பாத்தாத்தான் தெரியும். ஒரு சாண் அகலந்தான், ஆனா கால் புதையாது, மத்தியான வெயில்லயும் சுடாது, என் முட்டுக்கு அது பஞ்சு மெத்தை. ஒத்தையடித் தடத்துல எதிர எதிர ரெண்டு பேரு வந்தா யாரு எறங்கி வழி விடுததுன்னு சண்டை வந்துச்சு, குடத்தோட வாரவளுக்கு வெறுங்கையோட வாரவன் எறங்கணும்னு அண்ணாச்சி தீர்ப்புச் சொன்னாரு. ஒருத்தி தன் தடத்துக்கு ஓரமாக் கோலம் போட்டா, மறுநாள் எல்லாரும் போட்டோம். ஒரு மாசத்துல, தடம் இல்லாம எப்படிக் காலந்தள்ளுனோம்னு பேச ஆரம்பிச்சுட்டோம்.

ஒருநாள் என் தடத்துல ஆட்டுப்புழுக்கை கெடந்துச்சு, எம்புட்டுத் தூத்தும் போகல. ஓரத்தப் பிடிச்சு உதறுனா, ஓலைப்பாய் மாதிரி கையோட வருது! எம்மாடி, அப்படியே சுருட்டலாம் போல இருந்துச்சு. சட்டுன்னு கீழ போட்டுட்டுச் சுத்தும் முத்தும் பாத்தேன். யாரும் இல்ல. இது வெளிய தெரிஞ்சா எவனாவது சுருட்டிட்டுப் போயிருவானே, என் முட்டு என்ன ஆகுததுன்னு நெனச்சு வாயப் பொத்திக்கிட்டேன். வாழ்க்கையில நான் வாயப் பொத்துனது அந்த ஒரு தடவைதான், அதுவும் உருப்படாத காரியத்துக்கு.

ஆனி கடைசியில லிங்கதுரை வண்டிய எடுத்துக்கிட்டுத் தருவைவிளைக்குக் கெளம்புனான். குப்பி கறுப்புக் குப்பி, உள்ள எம்புட்டு இருக்குன்னு யாருமே பாக்கல. சாய்ச்சுப் பாத்தா ரெண்டு கரண்டிதான் வந்துச்சு. கொறைக்குக் கடையில வாங்குன விளக்கெண்ணெய ஒரு பாட்டில்ல எடுத்துக்கிட்டான். எண்ணெய் எண்ணெய்தானன்னு நாங்களும் சொன்னோம். வாசல் வரைக்கும் ஓட்டிட்டான், புஷ்பம் வெளிய வந்து பாத்தா, தடம் அவ காலடி வரைக்கும் கெடந்துச்சு, அன்னைக்கு அங்கனயே தங்குனான். காலையில ரெண்டு பேருமா கதவத் தொறந்தா வாசல் வழிச்சு வச்ச மாதிரி மணலாக் கெடக்கு. ஒரு பல்லு அடையாளம் இல்ல. திரும்பி வரும்போதுதான் பாத்தான், சாமி எண்ணெய் தீந்த எடத்தோட தடம் நின்னுபோயிருந்துச்சு. எந்த எடம்ங்கிய? அந்தப் பட்டுப்போன ஒடைமரம். அதுக்கு அங்கிட்டு ஒண்ணரை மைலு வெறும் மணலு.

ஓட்ட மனசு வராம வண்டியத் தள்ளிக்கிட்டே வந்தான். யாரையும் ஒரு வார்த்தை கொறை சொல்லல. குளிக்கக்கூடச் செய்யாமப் போயி மோட்டாரச் சுத்தித் தண்ணி எடுத்து விட்டான். எங்கள நாலு வார்த்தை திட்டியிருந்தான்னா எனக்கு அம்புட்டு வலிச்சிருக்காது.

“அவ என்ன சொன்னா?” நான்தான் கேட்டேன்.

“அவ அண்ணன் திருப்பூருக்குக் கூப்பிடுதான் சித்தி. பனியன் கம்பெனி வேலை. வார வெள்ளிக்கிழமை புள்ளைக்கு மொதப் பொறந்தநாளு. அது முடிஞ்சு சனிக்கிழமை கெளம்புதாளாம்” அப்படின்னான். பொறவு மோட்டார் பக்கம் திரும்பிக்கிட்டு, “புள்ள என்னையப் பாத்து நிக்கப் பழகுது சித்தி, என் வெரலப் பிடிச்சுக்கிட்டு” அப்படின்னான்.

அன்னைக்கு ராத்திரி நான் கணக்குப் போட்டுப் பாத்தேன். சாமி எண்ணெய் இனிமே பங்குனிக்குத்தான். அந்தக் குப்பியில முக்காவாசி எங்க நடமாட்டத்துக்குப் போயிருக்கு, அதுலயும் பாதி என் கணக்கு. அன்னைக்கு அந்தக் கட்டிலோட கூடவே நடந்தவ நான், அந்தப் புள்ள வாயில இருந்து மணலத் தோண்டி எடுத்தது இந்த வெரலு. வியாழக்கிழமை விடிஞ்சதும் எந்திரிச்சுப் போயி, ஊரு பூராவும் தண்ணிக்கு நிக்குத நேரத்துல, எல்லாரும் பாக்க, என் தொழுவத்துத் தடத்த ஒரு முனையில பிடிச்சுத் தூக்குனேன்.

“கேட்டுக்கிடுங்க. இது எந்திரிக்கும். எனக்கு ஒரு மாசமாத் தெரியும், சொல்லாம வச்சிருந்தேன், நான் ஒரு கேடுகெட்டவ” அப்படின்னு சொல்லிக்கிட்டே சுருட்டுனேன். ஈரச்சாக்கு கனம் கனத்துச்சு. “ஒடைமரத்துல இருந்து தருவைவிளைக்கு ஒண்ணரை மைலு. ஊர்ல கெடக்குததெல்லாம் சேத்தா வரும். யாரு வாரிய?”

அவனவன் தன் தடத்தப் பாக்கான். தர்மலிங்க அண்ணாச்சி தொண்டையக் கனச்சுக்கிட்டு, “தோப்புத்தடம் எனக்கு ரொம்ப…” அப்படின்னு ஆரம்பிச்சாரு. அந்த நேரம் பாத்து மோட்டாரு ஒரு இருமு இருமுச்சு, லிங்கதுரை குனிஞ்சு அதத் தட்டிக் குடுத்தான், தண்ணி மறுபடியும் கொட்டுச்சு. அண்ணாச்சி அந்தத் தண்ணிய செத்த நேரம் பாத்தாரு. பொறவு வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு, “சரி, எந்தப் பக்கம் இருந்து சுருட்டணும்?” அப்படின்னாரு.

பொறவு என்ன, ஊரே சுருட்டுச்சு. முந்திரித் தோப்புத்தடம், கோயில்தடம், சுடுகாட்டுத்தடம், மூணு வட்டம், தம்பி மொகத்துல முழிக்காத தடம், அத அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு முனையாத்தான் தூக்குனாவ, வேற ஆளு மிச்சமில்ல. தலையில சும்மாடு கூட்டி, சுருணை சுருணையாத் தூக்கி வச்சுக்கிட்டு, அந்தச் செவப்பு மணல்ல வரிசையா நாங்க போனதக் கழுகு பாத்திருந்தா எறும்பு அரிசி கொண்டு போகுதுன்னு நெனச்சிருக்கும். ஒடைமரத்துல இருந்து விரிச்சோம். முனையோட முனைய வச்சதும் அது பாட்டுக்கு ஒட்டிக்கிட்டு. லிங்கதுரை முன்னாலயும் ஓடுதான், பின்னாலயும் ஓடுதான், கண்ணத் தொடைச்சுக்கிட்டே ஓடுதான்.

பொழுது சாய தருவைவிளைக்குக் கிட்ட வந்துட்டோம், புஷ்பம் வீட்டு வேப்பமரமும் தெரியுது, தடம் தீந்துபோச்சு. ஒரு நூறு அடி கொறை. எல்லாரும் முழிச்சோம். ஊர்ல இனிமே சுருட்ட ஒண்ணும் இல்ல. எனக்குத்தான் ஞாபகம் வந்துச்சு.

“ஏல, நீ மொத மொத ஓட்டி விழுந்தது அங்கனதான கெடக்கு?”

“ஐயோ, அது வேண்டாம் சித்தி!” அப்படின்னான் லிங்கதுரை. “அவ வீட்டு வாசல்ல போயி அதையா விரிக்கது? கோணக்கோணலா… பள்ளம் வேற.”

“அதான் இருக்கு. போயி எடு.”

அவனே ஊருக்குப் போயி, நடுராத்திரியில தோள்ல தூக்கிட்டு வந்தான். வாசப்படி வரைக்கும் சரியா இருந்துச்சு, ஒரு சாண் கூடவும் இல்ல, கொறையவும் இல்ல. புஷ்பம் புள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு நெலைக்கதவுல சாஞ்சு நின்னா. மறுநாள் காலையில இருக்கணும்லா, அதான் பேச்சு. மத்தவங்க ஊருக்குத் திரும்பிட்டாவ, காலையில மோட்டாரச் சுத்தணுமேன்னு லிங்கதுரையும் போயிட்டான். என் முட்டு வீங்கிப் போயி, நான் அங்கனயே படுத்துக்கிட்டேன்.

வெள்ளிக்கிழமை விடிஞ்சுது. ஆடிக்காத்து அடிச்சிருந்த அடியில பக்கத்து வீட்டு வேலி பாதி மணலுக்குள்ள. புஷ்பந்தான் கதவத் தொறந்தா. தடம் படிக்கட்டுல தலைய வச்சுப் படுத்துக் கெடந்துச்சு.

அவ ரொம்ப நேரம் பாத்தா. “இது என்ன சித்தி, இப்படி வளஞ்சு வளஞ்சு போகுது?”

“உன் வீட்டுக்காரன் மொத மொத ஓட்டுனதுட்டி அது.”

“இந்தப் பள்ளம்?”

“விழுந்த எடம்.”

அவளுக்குச் சிரிப்பு வந்துட்டு. எட்டாம் மாச வலிக்குப் பொறவு நான் அவ சிரிச்சுப் பாத்தது அன்னைக்குத்தான், சிரிச்சுக்கிட்டே அழுதா, புள்ளையப் பள்ளத்துல உக்கார வச்சா, புள்ளைக்கு அது அளவெடுத்துத் தோண்டுன மாதிரி இருந்துச்சு, கையத் தட்டுச்சு. திருப்பூருக்கு வரலன்னு அண்ணங்காரனுக்குச் சொல்லிட்டுத் துணிப்பையத் தோள்ல மாட்டிக்கிட்டா.

“குறுக்கால நேராப் போயிருவோம்ட்டி, எதுக்கு இந்தக் கோணல்ல நடக்கணும்?” அப்படின்னேன்.

“நீங்க நேரா வாங்க சித்தி. நான் அவிய போன வழியிலயே வாரேன்.” ஒரு வளைவு விடாம நடந்தா. ஒடைமரத்துக்கிட்ட ஒரு நிமிசம் நின்னா, மரத்தப் பாத்தா, பொறவு அதையும் தாண்டி நடந்தா. மோட்டாரு சத்தம் எங்களுக்குக் கேக்க ஆரம்பிச்சுது, திடீர்னு நின்னுபோச்சு, லிங்கதுரை எங்களப் பாத்து ஓடியாரான். அன்னைக்கு ஊர்ல பாதி வீட்டுக்குத் தண்ணி இல்ல. ஒருத்தரும் கேக்கல.

இப்ப எங்க ஊர்ல அந்த ஒரு தடந்தான். தோப்புக்கும் கோயிலுக்கும் பழையபடி மணல்லதான் போறோம், என் முட்டு தெனமும் என்னைய வையுது, நான் அத வைதேன். புள்ள நடக்க ஆரம்பிச்சு, ஓடவும் ஆரம்பிச்சுட்டா. காலையில என் குட்டியாடு பின்னால ஓடுவா, முத்தம் பூராவும் குட்டிக் குட்டிக் காலடியா இருக்கும். மத்தியானம் காத்து வந்து எல்லாத்தையும் அழிச்சுட்டுப் போயிரும். அழிச்சா அழிச்சுட்டுப் போகட்டும், நாளைக்கும் ஓடத்தான போறா.